நிறை 12 என்று வருவது சராசரிப் புலத்தால்

குவாண்டம் அலைவுத் தரவிலிருந்து (காந்தப்புலத்தை மாற்றும்போது பொருளின் மின்தடை போன்ற பண்புகள் அலைபோல் ஏறி இறங்குவது) எலக்ட்ரானின் நிறை, தனி எலக்ட்ரானைப்போல் 12 மடங்கு என்று வருவது ஏன் என்று கேட்டீர்கள். சராசரிக் காந்தப்புலமாக 10 டெஸ்லா போட்டிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். 8.4 போடுங்கள், 12 என்று வந்த எலக்ட்ரான் நிறை 10.1-க்கு இறங்கிவிடும்.

நீங்கள் ஃபூரியர் மாற்றம் (அலைவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்தது 6 முதல் 14 டெஸ்லா வரை. குவாண்டம் அலைவு புலத்தின் தலைகீழில்தான் (1 ÷ புலம்) சீராக வரும், ஆகவே சராசரியும் அதில்தான் எடுக்க வேண்டும்: (1/6 + 1/14) ÷ 2 = 0.119. அதைத் திருப்பினால் 8.4. வெப்பநிலை ஏற ஏற அலைவின் வீச்சு எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து நிறையைத் தரும் லிஃப்ஷிட்ஸ்–கோசெவிச் சூத்திரத்தில் வருவது 14.69 × நிறை × வெப்பநிலை ÷ புலம். புலத்தைக் கூட்டிப் போட்டால் நிறையும் அதே விகிதத்தில் ஊதும்.

சரிபார்க்க, தரவை 8.4-இல் இரண்டாக வெட்டுங்கள். கீழ்ப்பாதிக்கு 7, மேல்பாதிக்கு 10.5 டெஸ்லா வைத்துத் தனித்தனியாகச் சூத்திரத்தைப் பொருத்துங்கள். இந்தப் புலக் கணக்குக்குக் கால்குலேட்டரே போதும்.

இரண்டு நிறையும் ஒத்துப்போகாவிட்டால் உடனே பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுடையது சீரியம் சேர்மம். இவ்வகைக் கன எலக்ட்ரான் பொருள்களில் (எலக்ட்ரான்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு நிறையுள்ளவைபோல் நடப்பவை) புலம் ஏற ஏற நிறை உண்மையிலேயே குறைவதுண்டு. ஆனால் 0.1 கெல்வினுக்குக் கீழே வீச்சு ஏறாமல் தட்டையாக நின்றால், மாதிரி வெப்பமானியைவிடச் சூடாக இருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டுப் பொருத்துங்கள், இல்லையென்றால் நிறை குறைவாகக் காட்டும்.