வித்தியாசமான வடிவமைப்புள்ள கைத்துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம், உங்களிடம் ஏற்கெனவே ஒரு சாதாரணத் துப்பாக்கி இருந்தால். நீங்கள் ஏதோ வீடியோவை ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

என்னுடையது சியாப்பா ரைனோ. இத்தாலிய ரிவால்வர், .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா வகை, ஆறு நிரப்பலாம். மற்ற ரிவால்வர்களில் பெரும்பாலும் சிலிண்டரின், அதாவது தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையின், உச்சியில் நிற்கும் தோட்டாதான் வெடிக்கும், குழலும் அதற்கு நேராக மேல்பக்கம் இருக்கும். இதில் அடியில் இருப்பது வெடிக்கும், குழலும் அடியில். எமிலியோ கிசோனி என்பவர் யோசித்தது. சுடும்போது மேல்பாதி பின்னால் நகர்ந்து தானே சிலிண்டரைச் சுழற்றும் மட்டேபா ரிவால்வரும் அவருடையதுதான். 2008-ல் இறந்துவிட்டார், ரைனோ கடைக்கு வந்தது அதற்குப் பிறகு.

சுட்டுப் பழகும் திடலில் இதை எடுத்தாலே பக்கத்துத் தடத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். "என்ன சார், குழலைத் தலைகீழாக மாட்டிவிட்டார்களா?" இதே நகைச்சுவையை இதுவரை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சரி, சிரிக்கட்டும். குழல் கைக்கு நெருக்கமாக இறங்கிவிட்டதால் உதை மணிக்கட்டைத் தூக்காமல் நேராக உள்ளங்கைக்கு வருகிறது. குழல்முனை எகிறுவது நன்றாகவே குறைகிறது, இரண்டாவது குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்புகிறது. உதையே இல்லை என்று சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அது எங்கும் போகவில்லை. முப்பது மேக்னம் சுட்ட பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கும் சதையைக் கேளுங்கள், சொல்லும்.

இப்போது என் அசட்டுத்தனம். சிலிண்டர் இல்லாத பிஸ்டல் பிடித்துப் பழகிய கை என்பதால் இடது கட்டைவிரலை வழக்கம்போல் முன்னால் நீட்டி வைத்திருந்தேன். எந்த ரிவால்வரிலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். சாதாரண ரிவால்வரில் அந்த இடைவெளி மேலே இருக்கும். இதில் அது கீழே, சரியாக என் விரல் நுனி இருந்த இடத்துக்குப் பக்கத்தில். முதல் குண்டுக்கே நகத்தோரம் கருகி, தோலில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். கையேட்டில் எச்சரிக்கை இருந்தது, நான்தான் படிக்கவில்லை. "கையேட்டைப் படிக்காதவனுக்கு எதற்குத் துப்பாக்கி" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன், மேலே போங்கள்.

இன்னொன்று. பின்னால் ஹேமர்போல், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல்போல், நீட்டிக்கொண்டிருப்பது ஹேமரே கிடையாது, அது வெறும் நெம்புகோல். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான ஹேமர் உள்ளே அடிக்கத் தயாராக ஏறி நிற்பதைச் சொல்ல மேலே ஒரு சிவப்புக் குச்சி துளியூண்டு எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பைத் தேட என் கண்ணுக்கு இரண்டு மாதம் ஆனது.

அப்புறம் பழுது. ட்ரிகர் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். "இதெல்லாம் ஒன்றுமில்லை, நாளைக்கு வாருங்கள்" என்றார். மூன்று வாரம் கழித்து, உள்பாகங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பைக்குள் ஏகப்பட்ட நெம்புகோலும் ஸ்பிரிங்கும். "இப்படி ஒன்றை ஏன் வாங்கினீர்கள்?" என்று திட்டு வேறு. பிரித்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டார்! தெரியாது என்று சொல்ல இந்தத் தொழிலில் யாருக்குமே வாய் வராது. மெக்கானிக் மட்டுமில்லை, உறை தைப்பவரும் அப்படித்தான். "எல்லா ரிவால்வருக்கும் பொருந்தும்" என்று ஒருவர் விற்ற உறைக்குள் ரைனோ பாதிகூட இறங்கவில்லை. கேட்டால், துப்பாக்கிதான் தப்பாம்.

புதுமை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 1982-ல் பிளாஸ்டிக் உடலோடு கிளாக் பிஸ்டல் வந்தபோது பிளாஸ்டிக் பொம்மை என்றார்கள், இன்று அதுதான் 'சாதாரணம்'. அதற்கும் முன்பே, 1970-ல், ஹெக்லர் அண்ட் கோக் என்ற ஜெர்மன் கம்பெனியின் விபி70 பிஸ்டல் அதேபோன்ற பிளாஸ்டிக் உடலோடு வந்து பெரிதாக எடுபடாமல் போயிருந்தது. மறுபக்கம் 1960-களின் கைரோஜெட் கைத்துப்பாக்கியைப் பாருங்கள். குண்டுக்குப் பதில் குட்டி ராக்கெட். குழலைவிட்டு வெளியே வரும்போது வேகமே இருக்காது, போகப் போகத்தான் பிடிக்கும். எதிரி கிட்ட நிற்காமல் தள்ளி நின்று ஒத்துழைக்க வேண்டும். குறியும் சுமார்தான். இன்று சேகரிப்பவர்களிடம் அதற்கு நல்ல மதிப்பு, ஆனால் சுடுவதற்காக அதை யாரும் தேடுவதில்லை.

நல்ல வடிவமைப்பும் தப்பிக்காது. ஹட்சன் எச்9 பிஸ்டல் 2017-ல் வந்து எல்லோரையும் மயக்கியது, 2019-ல் கம்பெனியே திவால். வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். அந்த வடிவமைப்பை வேறொரு கம்பெனி எடுத்து மறுபடி கொண்டுவர 2024 ஆனது.

அதனால் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வாடகைக்குக் கிடைத்தால் ஐம்பது குண்டு சுட்டுப் பாருங்கள், உங்கள் மெக்கானிக் இதே மாடலை முன்பு பிரித்து மாட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள், உறை கிடைக்குமா என்று பாருங்கள். ஆபத்துக்கு உதவ வேண்டும் என்று வாங்குவதானால் இந்தப் பக்கமே வராதீர்கள். என்னுடையதை விற்பேனா என்று கேட்டால், மாட்டேன். வேறொரு மெக்கானிக் அதை மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டார், சனிக்கிழமைதோறும் சுடுகிறேன், இடது கட்டைவிரலை நன்றாக மடக்கி வைத்துக்கொண்டு.