எச்.ஐ.வி.யும் மூளைச் செல்களும்: கேட்டவை, சொன்னவை

(பதில் சொல்பவர், நாகர்கோவிலில் உயிர்வேதியியல் கற்பிப்பவர்)

மார்த்தாண்டம் மாணவர்: அக்கா, எச்.ஐ.வி. நோய் எதிர்ப்புச் செல்களைத் தாக்கும் வைரஸ்தானே? மூளையில் அதற்கு என்ன வேலை?

மூளைக்கும் சொந்தக் காவல் செல்கள் உண்டு, தம்பி. மைக்ரோகிளியா என்பார்கள். தொற்றிய சில வாரங்களிலேயே ரத்தத்தின் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்களில் ஒளிந்து உள்ளே போகும் வைரஸ், மைக்ரோகிளியாவில்தான் குடியேறுகிறது. நியூரான்கள் எனும் நரம்புச் செல்களைத் தொற்றுவதில்லை.

தக்கலை ஆசிரியை: தொற்றாத நியூரான் ஏன் கெடுகிறது?

இதைத்தான் கேட்க வேண்டும்! தொற்றிய செல்கள் டாட், ஜிபி120 என்னும் வைரஸ் புரதங்களையும் அழற்சிப் பொருள்களையும் கசியவிடுகின்றன. நியூரான்களைத் தூண்டும் குளூட்டமேட் மிஞ்சினால் அதை அகற்ற வேண்டிய ஆஸ்ட்ரோசைட்டுகள் என்னும் துணைச் செல்கள் தளர்ந்துபோகின்றன. ஓயாமல் தூண்டப்படும் நியூரான் தன் கிளைகளை இழக்கிறது. நியூரானுக்குள் வைரஸைத் தேடினால் வெறுங்கைதான். அதனால்தான் ஆய்வாளர்கள் செல்களின் புரதங்களை அளக்கிறார்கள்.

அதே ஆசிரியை: மரபணுவைப் பார்த்தால் போதாதா?

குளச்சலில் எத்தனை விசைப்படகுகள் பதிவாகியுள்ளன என்பது வேறு, இன்று கரைக்கு என்ன மீன் வந்தது என்பது வேறு. மரபணு அந்தப் பதிவேடு, புரதம்தான் வந்த மீன். தொற்றிய செல், தொற்றாத செல் இரண்டின் புரதங்களையும் டிரிப்சின் என்னும் நொதியால் துண்டாக்கி, நிறை நிறமாலைமானியில் துண்டுகளின் நிறையை அளந்து, எது கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிடுவார்கள். ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சோதனையில் பார்க்கலாம். நீளமான பட்டியலைக் கண்டு மயங்காதீர்கள். மாறியதெல்லாம் காரணமல்ல, பல விளைவுகளே. ஆய்வகத் தட்டில் வளர்ந்த செல் மூளையும் அல்ல.

மாணவர்: நம் நாட்டு வைரஸும் இப்படித்தானா?

இங்கே பெரும்பாலும் சி வகை. அதன் டாட் புரதத்தில் 31ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் பெரும்பாலும் செரின் என்னும் வேறொன்றாக மாறியிருப்பதால் மோனோசைட்டுகளை ஈர்க்கும் திறன் குறைவு. அதற்காக மூளைக்கு ஆபத்தில்லை என்று எண்ணாதே. இந்திய நோயாளிகளிடமும் சிந்தனைத் தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது.

குளச்சல் சகோதரி: என் தம்பி எச்.ஐ.வி. மாத்திரை எடுக்கிறான். மறதி வந்திருக்கிறது. இந்தப் புரதச் சோதனை செய்யலாமா?

வேண்டாம் அம்மா, இது ஆராய்ச்சிக்கான முறை, சிகிச்சைக்கானதல்ல. யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கூட்டு மருந்துகள் வந்த பிறகு கடுமையான மறதிநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. லேசான தடுமாற்றம் சிலருக்கு வரலாம். தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும். ஏ.ஆர்.டி. மைய (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) மருத்துவரிடம் சொல்லி அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. சந்தேகம் என்றால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.