உப்பிப்போன டோர் பீடிங்: வாரண்டி இல்லை என்று மறுக்க முடியுமா?

கேள்வி: கார் வாங்கி 20 மாதங்கள் ஆகின்றன. 3 ஆண்டு வாரண்டி இருக்கிறது. முன்கதவு இரண்டிலும் ரப்பர் பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) உப்பி, பிசுபிசுத்து, பள்ளத்தை விட்டு நழுவுகிறது. மழை பெய்தால் மேட் நனைகிறது. “வெளியே வாங்கிய ஸ்ப்ரே அடித்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்கிறது சர்வீஸ் சென்டர். ஸ்ப்ரே அடித்தது உண்மைதான். ஆனால் பாட்டிலில் “எல்லா ரப்பருக்கும் ஏற்றது” என்று அச்சிட்டிருக்கிறது. யார் மீது புகார் கொடுப்பது? இனி பீடிங்கில் எதைப் பூசலாம்?

பதில்: அந்தப் பீடிங்கைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். “பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டித் தருகிறோம்” என்று சர்வீஸ் சென்டர் சொன்னாலும் பழையது உங்கள் கைக்கு வர வேண்டும். ரப்பர் ஏன் உப்பியது என்பதை வைத்துத்தான் உங்கள் எதிர்தரப்பு கார் கம்பெனியா, ஸ்ப்ரே கம்பெனியா என்பதே முடிவாகும். அதைச் சொல்லக்கூடிய சாட்சி அந்த ரப்பர் மட்டுமே.

இன்றைய கார்களின் டோர் பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். வெயில், மழை, ஓசோன் மூன்றையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. மினரல் ஆயில், மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான், சாதாரண கிரீஸ், பெட்ரோலியம் ஜெல்லி எல்லாமே ரப்பருக்குள் ஊறி, அதை உப்ப வைத்து, இளக்கிவிடும். பளபளப்புக்காக விற்கும் சில ஸ்ப்ரேக்களில் இத்தகைய கரைப்பான்தான் பெரும்பகுதி. எனவே “எல்லா ரப்பருக்கும்” என்ற வாசகம் சட்டப்படி கனமான வாக்குறுதி.

பின்கதவுகளுக்கும் ஸ்ப்ரே அடித்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதல் கேள்வி. அடித்த இடம் மட்டும் உப்பி, அடிக்காத இடம் நன்றாக இருந்தால் சந்தேகம் ஸ்ப்ரே மேல். அடிக்காத பீடிங்கும் அப்படியே ஆகியிருந்தால் அது கார் கம்பெனி பதில் சொல்ல வேண்டிய உற்பத்திக் குறை. ரப்பர் உப்பாமல் தட்டையாக அமுங்கி மீளாமல் கிடந்தால் அது வேறு. அதைத் தேய்மானம் என்று வாதிடுவார்கள். தண்ணீர் வருவதற்கும் பீடிங்தான் காரணமா என்று பாருங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மண் அடைத்திருந்தாலும், கதவின் உட்புறப் பலகைக்குப் (டிரிம்) பின்னால் ஒட்டிய ஈரத்தடுப்புத் தாள் பிரிந்திருந்தாலும் மேட் நனையும். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவி வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுத்தவில்லை. கதவைச் சுற்றி இப்படியே பார்த்து, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் சேர்ப்பதில் அவசரம் உண்டு. கரைப்பான் ஆவியாகும், வாரங்கள் போனால் உப்பல் ஓரளவு வடிந்து, ரப்பர் சுருங்கி இறுகக்கூடும். அதனால் இன்றே பீடிங்கின் அகலத்தை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சர்வீஸ் சென்டர், கார் கம்பெனி, ஸ்ப்ரே கம்பெனி, அதை விற்றவர் ஆகியோருக்குப் ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்பி, 15 நாளுக்குள் வந்து பார்வையிடச் சொல்லுங்கள். அதன்பின் மழைக்குப் பயந்து புதியது மாட்டினாலும், ஆதாரத்தை அழித்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கழற்றிய பீடிங்கை அலுமினியத் தாளில் சுற்றி, மூடியிட்ட கண்ணாடி ஜாடியில் வையுங்கள். மிச்சமுள்ள ஸ்ப்ரேயோடு பாட்டிலைத் தனியாக வையுங்கள். அதில் ஒரு துளிகூட இனிப் பயன்படுத்தாதீர்கள். வாய்மொழியாக வந்த மறுப்பை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த வாரண்டி நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இனி சட்டம். கார் கம்பெனி மீதான புகார், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளில் குறை, சேவையில் குறைபாடு என்ற இரண்டில் அடங்கும். வெளிப்பொருள் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது என்ற நிபந்தனையைக் காட்டுபவர், அந்தப் பொருளால்தான் கெட்டது என்று காட்ட வேண்டும் என்பதே உங்கள் வாதம். ஸ்ப்ரே அடித்ததை ஒப்புக்கொள்வதால் மட்டும் வழக்கு தோற்காது. ஆனால் வாரண்டி புத்தகத்தை முதலில் படியுங்கள். ரப்பர் பாகங்களுக்குக் குறைந்த காலமோ தேய்மான விலக்கோ தனியாக எழுதியிருந்தால் இந்த வாதம் பலவீனமாகும்.

ஸ்ப்ரே கம்பெனி மீதான வழியைப் பலர் கவனிப்பதில்லை. அது இதைவிட வலுவாகவே இருக்கலாம். அதே சட்டத்தில் பொருள் பொறுப்பு, அதாவது ஒரு பொருளால் வரும் தீங்குக்கு அதைத் தயாரித்தவரும் விற்றவரும் பதில் சொல்லும் பொறுப்பு, தனி அத்தியாயமாக இருக்கிறது. ஒரு பொருளால் வேறொரு சொத்துக்கு ஏற்படும் சேதமும் இதில் தீங்குதான். ஸ்ப்ரேயால் கெட்ட பீடிங் அப்படிப்பட்ட சொத்துதான். பிரிவு 84-ன் படி, வெளிப்படையான உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துப்போகாவிட்டாலும், சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ போதுமானதாக இல்லாவிட்டாலும் உற்பத்தியாளர் பொறுப்பு. உத்தரவாதம் கொடுத்ததில் கவனக்குறைவு இல்லை என்று அவர் நிரூபித்தாலும் தப்ப முடியாது. விற்றவர் மீது பிரிவு 86 பாயும். குறிப்பாக உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத பாட்டிலாக இருந்தால். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது இந்த வழக்கு நிற்காது என்கிறது பிரிவு 87. “பூசி உடனே துடைக்கவும்” என்று அச்சிட்டிருக்க நீங்கள் ஊற விட்டிருந்தால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரு தரப்பையும் ஒரே மனுவில் சேருங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். பிரிவு 38-ன் கீழ் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள். அதே பாக எண் கொண்ட புதிய பீடிங் ஒன்றையும் பில்லோடு வாங்கிக் கொடுங்கள். அதை அந்த ஸ்ப்ரேயில் ஊறவைத்து எடை, கன அளவு மாற்றத்தை அளக்கும் ஏஎஸ்டிஎம் டி471 சோதனை, வாய்ச்சண்டையை எண்ணாக மாற்றிவிடும். கோரிக்கையில் பீடிங் விலை, மாட்டும் கூலி, மேட் உலர்த்திய செலவு, ஆய்வகச் செலவு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் பில்லோடு கேளுங்கள். காரையே மாற்றித் தரச் சொல்லாதீர்கள். மாற்றக்கூடிய ஒரு பாகத்துக்கு அது பொருந்தாது, உங்கள் நம்பகத்தையும் குறைக்கும். மனு போடும் முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். இந்த அளவிலான தகராறு சில நேரம் அங்கேயே முடியும்.

புதிய பீடிங்குக்கு என்ன பூசுவது? கார் கையேட்டில் ஒரு பொருளைக் குறிப்பிட்டிருந்தால் அதுவே பாதுகாப்பானது. இல்லையென்றால் தூய சிலிக்கோன் கிரீஸ், அல்லது நீரை அடிப்படையாகக் கொண்ட ரப்பர் டிரெஸ்ஸிங். முன்பக்க வாசகத்தை நம்பாமல், உற்பத்தியாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளை (எஸ்டிஎஸ்) கேட்டு வாங்கி, என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் அதன் 3-வது பகுதியைப் பாருங்கள். பெட்ரோலிய வடிபொருள், நாப்தா, மினரல் ஆயில் என்றோ, சிஏஎஸ் எண் (ரசாயனங்களுக்கான அடையாள எண்) 64742-47-8 என்றோ இருந்தால் வேண்டாம். “சிலிக்கோன் ஸ்ப்ரே” என்ற பெயரில் வரும் சிலவற்றிலும் ஹெப்டேன் போன்ற கரைப்பான் உண்டு.

மென்மையான சோப்பு நீரில் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, துணியில் எடுத்து மெல்லிய படலமாக மட்டும் தடவி, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். கண்ணாடி ஏறி இறங்கும் சேனலில் வெல்வெட் போன்ற உட்புறம் இருக்கும். அங்கே கிரீஸ் படக்கூடாது, தூசி ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். பெயின்டிலும் சிலிக்கோன் படாமல் பாருங்கள். பின்னாளில் டச்-அப் செய்யும்போது பெயின்ட் குழிகுழியாக விலகும்.

எதை வாங்கினாலும், பூசும் முன் அதன் பெயரைக் குறிப்பிட்டு “இதைப் பயன்படுத்தலாமா?” என்று கார் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை பில்லோடு சேர்த்து வையுங்கள்.