அந்தமானுக்குக் கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நாங்கள் நால்வர், பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். அடுத்த ஆண்டு மே கடைசியில் ஆறு நாள் அந்தமான் போக ஆசை. எனக்குக் கடற்கரை, கணவருக்குச் செல்லுலார் சிறை. எல்லாம் சேர்த்து ரூ.1,50,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கையில் ரூ.60,000 இருக்கிறது, மாதம் ரூ.10,000 ஒதுக்க முடியும். மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா, அவசரத்துக்கென்று போட்ட வைப்புநிதியை உடைக்கலாமா? பயண முகவரோ 'வட்டியில்லா தவணை' தருகிறேன் என்கிறார்.

பதில்: மூன்றும் வேண்டாம். முதலில் தேதியை மாற்றுங்கள். தென்மேற்குப் பருவமழை முதலில் வந்து இறங்குவது அந்தமான் கடலில்தான், பெரும்பாலும் மே மூன்றாவது வாரத்தில். அந்த நேரத்தில் கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான படகுகளை நிறுத்திவிடுவார்கள். பள்ளி முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் கிளம்புங்கள்.

இனிப் பணம். ரூ.90,000-ஐ 14% வட்டியில் இரண்டு ஆண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் சுமார் ரூ.13,700. அதையே ஜூலையில் தொடங்கி ஒன்பது மாதத் தொடர் வைப்பாக (ஆர்.டி.), மாதம் ரூ.10,000 போட்டு வந்தால் ஏப்ரலில் முழுத் தொகையும் கைக்கு வரும். 6% என்று வைத்தாலும் மேற்கொண்டு ரூ.2,200 சொச்சம் கிடைக்கும். கையிலிருக்கும் ரூ.60,000 விமான டிக்கெட்டுக்கும் படகு முன்பதிவுக்கும். கோடை விடுமுறையில் கட்டணம் ஏறும் என்பதால் இந்த இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். வைப்புநிதி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்கும் பணத்தில் கடலில் குளிக்கக் கூடாது.

முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "முழுத் தொகையையும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" அவர் குறைக்கும் தொகைதான் அந்த 'இல்லாத' வட்டி. கிரெடிட் கார்டுத் தவணை என்றால் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மேல் 18% ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது நீங்கள் கேட்காதது. பல முகவர்கள் முதல் நாளே சிறையைக் காட்டிவிட்டு, கடைசியில் தீவுகளிலிருந்து திரும்பிய சூட்டோடு விமானத்தில் ஏற்றுகிறார்கள். நானும் ஒரு முறை அப்படி மாட்டினேன். காலைப் படகு ரத்து. மதிய விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது. அன்றைய விலைக்கு வாங்கிய புது டிக்கெட்டுகள் மொத்தப் பயணக் கணக்கையும் விழுங்கிவிட்டன. ஆகவே இறங்கியதும் முதல் படகில் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போய், ராதாநகர் கடற்கரையில் ஆசைதீர இருந்துவிட்டு, கடைசி இரண்டு நாட்களை, விமான நிலையமும் சிறையும் இருக்கும் போர்ட் பிளேருக்கு வையுங்கள். படகு ஒரு நாள் தவறினாலும் விமானம் தவறாது. (டிக்கெட்டில் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு, ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், இதே இடங்களின் புதுப் பெயர்கள்தான்.)

கணவருக்கும் இதுதான் நல்லது. 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறைக்கு ஏழு கிளைக் கட்டடங்கள். இன்று நிற்பவை மூன்று. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாதாம். ஒரு அறைக்குள் தனியே நின்றால்தான் அது உறைக்கும். பக்கத்து ராஸ் தீவில், ஆங்கிலேயர் கட்டிய சுவர்களை மரவேர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

கணவரின் சம்பளத்தில் விடுமுறைப் பயணப் படி (LTA) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் மட்டுமே விலக்கு. அதுவும் போக்குவரத்துக் கட்டணத்துக்குத்தான், ஓட்டலுக்கு இல்லை. போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.