1977 பேஸ் ஏலத்தில் நிற்கிறது, கேட்கலாமா?

கேள்வி: அண்ணா, ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஆற்காடு, வாலாஜா பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவோடும் போவேன். கையில் இருப்பது மலிவான சைனா பேஸ். கொஞ்ச நாளாக ராத்திரி சாப்பிட்டதும் ஜப்பான் ஏலத் தளத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். இப்போது ஒரு ஜாஸ் பேஸ் காப்பி நிற்கிறது. கிரெகோ, 1977, 'லாசூட் மாடல்' என்று போட்டிருக்கிறார்கள். 60,000 யென் வரை ஏறிவிட்டது, நம் பணத்தில் முப்பத்தைந்தாயிரம் சொச்சம். முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சீட்டு எடுத்த பணம் 70,000 கையில் இருக்கிறது. "இத்தனை வருஷப் பழசுக்கா இவ்வளவு? புதுசே வாங்குங்க" என்கிறாள் மனைவி. சித்தப்பா பையன் டோக்கியோவில்தான் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு வருவான். ஆனால் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம், கூரியரிலேயே வரவழைக்கலாம் என்று பார்க்கிறேன். கேட்கலாமா? எதுவரை போகலாம்? பழைய பேஸை விற்றுவிடவா?
– பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, விற்கிறவர் எழுதியதில் முதலில் அடித்துவிட வேண்டியது அந்த 'லாசூட்', அதாவது வழக்கு, என்பதை. 1977-ல் அமெரிக்காவில் கிப்ஸன் கிட்டார் கம்பெனியின் தாய் நிறுவனமான நார்லின் ஒரு வழக்குப் போட்டது. எதிராளி, அங்கே ஐபனெஸ் கிட்டார்களை இறக்கி விற்றுக்கொண்டிருந்த எல்ஜர் கம்பெனி. தகராறு கிப்ஸனின் ஹெட்ஸ்டாக், அதாவது கீகள் இருக்கும் தலைப்பகுதி, வடிவத்தைப் பற்றியது. 1978-ல் சமரசமாக முடிந்தது. வழக்கு வருவதற்கு முன்பே ஐபனெஸ் ஹெட்ஸ்டாக்கை மாற்றத் தொடங்கிவிட்டது என்பதுதான் வேடிக்கை. நீங்கள் பார்ப்பதோ ஃபெண்டர் என்ற வேறொரு கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடலுக்குக் காப்பி, அதுவும் கிரெகோ பெயரில். அந்த வழக்குக்கும் இந்த பேஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுபதுகளில் ஜப்பானில் செய்த எந்தக் காப்பிக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டி விலையேற்றுவது ஏலக்காரர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

அதனால் பொருள் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கிரெகோ என்பது காண்டா ஷோகாய் என்ற வியாபாரிகளின் பெயர். செய்தது பெரும்பாலும் மாட்சுமோட்டோ ஊரிலிருந்த ஃபுஜிகென் ஃபேக்டரி. ஐபனெஸ் கிட்டார்களும் அங்கேதான் ஆயின. 1982-ல் ஃபெண்டர் ஜப்பானில் கம்பெனி ஆரம்பித்தபோது கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது காண்டா ஷோகாயையும் யமானோ என்ற இன்னொரு வியாபாரியையும். வேலையைக் கொடுத்ததும் இதே ஃபுஜிகெனுக்குத்தான். காப்பியடித்த கையையே அசல்காரன் வேலைக்கு எடுத்துக்கொண்டான் என்றால் அந்தக் கையில் என்ன இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கிரெகோ என்றாலே தங்கம் இல்லை. ஒரே பெயரில் மலிவும் உண்டு, உசத்தியும் உண்டு. இதற்கு ஒரு சுலபமான அடையாளம், மாடல் எண். பெரும்பாலும் அன்றைய விலையைத்தான் எண்ணாக வைத்தார்கள். 450 என்றால் 45,000 யென், 800 என்றால் 80,000. கீழ்விலை மாடல்களில், அதிலும் எழுபதுகளின் முதல் பாதியில் வந்தவற்றில், ஒட்டுப்பலகை உடம்பு சகஜம். அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், சர்ச் ஆம்ப்ளிஃபயரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதற்கு 60,000 யென் அதிகம். உங்கள் விளம்பரத்தில் மாடல் எண்ணே இல்லை என்றால் கேளுங்கள். சீரியல் எண்ணையும் கேளுங்கள். ஃபுஜிகெனில் 1975-க்கு அப்புறம் ஆங்கில எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் குறிக்கும். ஜி77 என்று தொடங்கினால் 1977 ஜூலை. எண், நெக்கை (நீளமான கழுத்தை) உடம்போடு இறுக்கப் பின்னாலிருக்கும் நெக் பிளேட்டில் அடித்திருந்தால் மட்டும் முழுசாக நம்பாதீர்கள். மூன்று நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் பிளேட் வேறு பேஸுக்குப் போய்விடும்.

சரி, இதெல்லாம் ஜாதகம். உடம்பைப் பார்க்க வேண்டாமா? நீங்கள் தோல் செலக்‌ஷனில் இருப்பவர். பளபளக்கும் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு தோலுக்குத் தரம் போட்டுவிடுவீர்களா? புரட்டிப் பார்ப்பீர்கள், வெளிச்சத்தில் பிடிப்பீர்கள், கழுத்துப் பக்கம் எப்படி, வயிற்றுப் பக்கம் எப்படி என்று தனித்தனியாகத் தடவுவீர்கள். அதே கண்ணை பேஸின் நெக் மேல் வையுங்கள். பிக்கப், பாட் (வால்யூம், டோன் திருகும் பாகம்), பிரிட்ஜ், கீ எது போனாலும் மாற்றிவிடலாம். நெக் போனால் கையில் மிஞ்சுவது ஒரு பலகை.

விற்கிறவரிடம் ஒரு படம் கேளுங்கள். பேஸைப் படுக்க வைத்து, கம்பிகள் உடம்பில் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஹெட்ஸ்டாக்கை நோக்கி, நெக்கின் ஓரத்தோடு ஓரமாக எடுத்த படம். தடித்த ஈ கம்பி ஓரம் ஒன்று, ஜி கம்பி ஓரம் ஒன்று. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி லேசாக வளைந்திருந்தால் பயமில்லை, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகினால் சரியாகும். ஒரு ஓரம் நேராகவும் இன்னொன்று வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடனே அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள். உடம்போடு நெக் சேரும் இடத்தில், கடைசி ஃபிரெட்டுகளுக்கு (நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டைகளுக்கு) கீழே, மேடு தட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மேட்டை ராடு சரிசெய்யாது. ஃபிரெட்டை ராவ வேண்டும், இல்லையென்றால் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.

ஜப்பான்காரர்கள் இதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிடுவார்கள். மெஷின் மொழிபெயர்ப்புதான் குழப்பிவிடும். 'ஜுன்ஸோரி' என்றால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது, 'கியாகுஸோரி' என்றால் பின்பக்கம். 'மொதோஒகி' நான் சொன்ன மேடு. 'நெஜிரே' முறுக்கு. ராடு இன்னும் திருகும், இடம் பாக்கி இருக்கிறது என்று ஒரு வரி இருந்தால் பாதி பயம் போனது. ஃபிரெட் எவ்வளவு மிச்சம் என்பதைப் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று எழுதுவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் புது ஃபிரெட் செலவை இப்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 'ஜங்க்' என்று போட்டிருந்தால் சத்தம் வரவில்லை என்றுகூட இருக்கலாம், வெறும் பாட் கரகரப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் திருப்பி வாங்க மாட்டார்கள். நெக் படம் தெளிவாக இருக்கும் ஜங்க் பேஸ், நெக் படமே இல்லாத 'மின்ட் கண்டிஷன்' பேஸைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இந்தப் படங்களைக் கேட்டும் விற்கிறவர் அனுப்பவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தின் போக்கு பற்றி இரண்டு வார்த்தை. கடைசி நிமிஷத்தில் பாய்ந்து கேட்டு அள்ளிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஜப்பான் யாஹூ ஏலத்தில் பெரும்பாலான விளம்பரங்களுக்குத் தானியங்கி நீட்டிப்பு உண்டு. கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது விலையை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிஷம் கூடும். அப்புறம் இன்னொருவர், இன்னும் ஐந்து. பொறுமையும் பணமும் உள்ளவர்தான் ஜெயிப்பார். அங்கே ராத்திரி பத்து மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை. ஞாயிறு ராத்திரி முடிகிற ஏலங்கள் அங்கே நிறைய. ஆராதனை நடுவில் போனைப் பார்க்கிற பேஸ்காரரைப் பாஸ்டர் கவனிக்காமல் இருப்பாரா? உங்கள் உச்ச விலையை முன்னாலேயே போட்டுவிட்டு போனை அணைத்துவிடுங்கள். அந்த விலைக்கு உட்பட்டுத் தளமே உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும்.

இப்போது நீங்கள் ரொம்பச் சாதாரணமாக எழுதிவிட்ட கூரியர் விஷயம். உங்கள் பணம் போவது அங்கேதான். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். கடினப் பெட்டியோடு ஒரு பேஸ் சுமாராக 130, 45, 20 வரும். கணக்குப் போட்டால் 23.4 கிலோ. நிஜ எடை எட்டு ஒன்பது கிலோவாக இருந்தாலும் இருபத்துமூன்றுக்குத்தான் பில். இதோடு அங்கே உங்களுக்காக வாங்கி அனுப்பும் ஏஜென்ட்டின் கமிஷன், விற்கிறவரிடமிருந்து ஏஜென்ட் கிடங்குக்குப் போகும் உள்ளூர்க் கூலி, பேக்கிங். இங்கே வந்ததும் சுங்கவரி. பொருளின் விலை மேல் மட்டும் இல்லை, கூலியும் காப்பீடும் சேர்த்த மொத்தத்தின் மேல் போடுவார்கள்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நம் நாட்டு வெளிவணிகக் கொள்கையில் பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். 1977 பேஸைப் புதுசு என்று யாரிடம் சொல்வீர்கள்? சென்னை சுங்கத்தில் நிறுத்தினால் விளக்கம், அபராதம், கிடங்கு வாடகை என்று இழுத்துக்கொண்டே போகும். கூரியர்தான் வேண்டும் என்றால் ஏலம் கேட்பதற்கு முன்னால் ஒரு சுங்க முகவரிடம் பேசிவிடுங்கள். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு பற்றியும் யாராவது பயமுறுத்துவார்கள். 2019 கடைசியிலிருந்து செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு, அரிய மரங்கள், விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இல்லை. காப்பி பேஸில் பிரேசில் மரத்தைப் போட்டிருக்கப் போவதில்லை.

ஆகவே சித்தப்பா பையனைத் தாராளமாகத் தொந்தரவு செய்யுங்கள். அவர் முகவரிக்கு வாங்கினால் ஏஜென்ட் வேண்டாம். பொருள் கைக்கு வந்ததும் வீடியோ காலில் நெக்கை நீங்களே பார்த்துவிடலாம். ஜாஸ் பேஸ் ஸ்க்ரூவில் மாட்டிய நெக். கம்பிகளைத் தளர்த்தி, பின்னால் ஸ்க்ரூவைக் கழற்றினால் இரண்டு துண்டு. ஸ்க்ரூக்களை எந்தத் துளையில் எது என்று குறித்து ஒரு கவரில் போட்டு ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். நெக்குக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிய அட்டை ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாமல் வைக்கச் சொல்லுங்கள், கம்பி உயரத்துக்காக யாரோ வைத்தது அது. இப்படிப் பிரித்தால் 95, 40, 15 சென்டிமீட்டர் பெட்டியில் அடங்கும். மூன்றையும் கூட்டினால் 150. பல விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லை 158, அதற்குள் நிற்கிறது. முழுப் பெட்டியாகக் கொண்டுவந்தால் 195, தனிக் கட்டணம் கேட்பார்கள். சென்னையில் இறங்கியதும் மறைக்காமல் சொல்லி, சலுகை வரம்புக்கு மேல் போனால் வரியைக் கட்டச் சொல்லுங்கள். ஏல ரசீது கையில் இருக்கட்டும்.

எதுவரை போகலாம்? கூரியரில் என்றால் கையிருப்பில் பாதிக்கு மேல் ஏலத்தில் போகக் கூடாது. அதாவது 35,000. விலை இப்போதே அங்கே வந்து நிற்கிறது, இன்னும் ஆறு நாள் வேறு பாக்கி. எனவே கூரியர் என்றால் இந்த பேஸை விட்டுவிடுங்கள். சித்தப்பா பையன் கொண்டுவருகிறார் என்றால் 45,000 வரை கேளுங்கள், அதுவும் மாடல் எண் நடுத்தரத்துக்கு மேல் இருந்து நெக் படமும் சரியாக இருந்தால். மிச்சத்தில் வரி போக ஏழெட்டாயிரத்தை வேலைக்கென்று தனியாக வையுங்கள். ஜப்பான் பேஸ்களில் பாட் உட்காரும் துளை சிறியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற மெட்ரிக் பாட் உட்கார்ந்துவிடும், அமெரிக்க பாட் போட நினைத்தால் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும். வேண்டாம்.

இது கிடைக்காவிட்டால் கிரெகோவையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஹமாமட்சுவில் செய்த டோக்காயின் 'ஜாஸ் சவுண்ட்', 'ஹார்ட் பஞ்சர்' பேஸ்களைப் பாருங்கள். மாட்சுமோகு ஃபேக்டரியில் செய்த ஆரியாவைப் பாருங்கள், காப்பியாக இல்லாத அவர்களுடைய சொந்த மாடல்களுக்குப் பல நேரம் போட்டி குறைவு. ரிக்கன்பேக்கர் காப்பி பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்தக் கம்பெனி விடாமல் துரத்தி விளம்பரங்களை எடுக்கவைக்கும், நாளைக்கு நீங்கள் விற்க நினைத்தாலும் அதே கதைதான்.

உங்கள் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்யாணக் கச்சேரி வருமானத்துக்காகத்தான் பேஸ் என்றால் புது யமஹா வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வாரன்டி உண்டு, சத்தமும் சுத்தம். பழைய ஜாஸ் பேஸில் இருக்கும் இரண்டு வால்யூமில் ஒன்றைக் குறைத்தால் 'உம்' என்று இரைச்சல் வரும், மண்டபத்து சீரியல் லைட் எரிந்தால் இன்னும் கூடும். எர்த் சரியாக இல்லாத இடங்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆனால் ராத்திரி சாப்பிட்டதும் இதைத் திறந்து உட்காருகிற மனுஷனுக்கு யமஹா போதாது என்று எனக்குத் தெரிகிறது. வீட்டில் மறைக்காமல், மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

பழைய பேஸை இப்போது விற்காதீர்கள். டிசம்பரில் கேரல் ரவுண்டு ஆரம்பித்துவிடும், சித்தப்பா பையன் வந்து சேருவது அதற்கு அப்புறம்தான். வந்த பேஸையும் உடனே முழு டியூனுக்கு ஏற்றி மேடைக்கு எடுத்துப் போக வேண்டாம். மாட்டி, அரைகுறை இறுக்கத்தில் இரண்டு வாரம் வீட்டுக்குள் வைத்துவிட்டுச் செட்டப் செய்யுங்கள். கத்திரி வெயிலில் நம்மூர்க் காற்று காய்ந்ததும் மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும், அப்போது இன்னொரு தடவை ராவிக்கொள்ள வேண்டியிருக்கும். அதுவரை சைனா பேஸே ஓடட்டும்.