கேட்டமரானில் மூடி அறை: ஓட்டை போடுவது சுலபம், ஓரம்தான் வேலை

கேள்வி: பழைய 16 அடி ஃபைபர் கேட்டமரான் (ரெண்டு ஓடம் இணைத்த படகு) வாங்கி, கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில் நிறுத்தியிருக்கிறேன். லீவுக்குத் தூத்துக்குடி கொண்டு போவோம். சாமான் வைக்க இரண்டு ஓடத்திலும் மூடி போட்ட அறை வேண்டும். ஓட்டை போட்டால் படகு பலம் போய்விடுமா?

பதில்: போகாதுங்க. 6 அங்குல வட்ட மூடி போதும். சதுரம் வேண்டாம், மூலையில் விரிசல் விடும். ரெண்டு ஓடத்தையும் இணைக்கிற குறுக்குக் குழாய் உட்காரும் இடத்திலிருந்து ரெண்டு சாணாவது தள்ளி வெட்டுங்க. மூக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே பாரம் ஏறினால் அலையில் மூக்குக் குத்தும்.

பல பழைய படகில் மேல்தளம் ஒரே தகடு இல்லை. ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவில் நுரை இருக்கும். வெட்டின ஓரத்தில் அந்த நுரையை அரை அங்குலம் சுரண்டி எடுத்துட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியை (ரெண்டு பாகம் கலந்து இறுகும் பசை) வைத்து அடைங்க. திருகு ஓட்டைக்கும் இதேதான். சோம்பல்பட்டால் தண்ணி உள்ளே ஊறி, கொஞ்ச நாளில் கால் வைத்த இடம் அமுங்கும்.

இனி திருகு. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேணும், உப்புத் தண்ணியில் 304 ரகத்தை விட அது தாங்கும். கோயமுத்தூரில் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, 316 தான்" என்பார். 304-உம் பெரும்பாலும் அப்படி ஒட்டாதுங்க! வித்தியாசம் 316-இல் கலக்கிற மாலிப்டினம் என்ற உலோகத்தில் இருக்கு, காந்தத்துக்குத் தெரியாது. பில்லில் 316 என்று எழுதச் சொல்லுங்க. பேனா தயங்கினால் அடுத்த கடைக்கு நடங்க. மூடி ஓரத்தில் நீர் புகாமல் அடைக்கிற பசைக்கு, "மெரைன் சீலண்ட்" என்று பாத்ரூம் சிலிக்கானைத் தலையில் கட்டுகிற புரோக்கரும் உண்டு. அதைத் தடவிவிட்டால் பின்னால் பெயிண்ட் ஒட்டாது, நீங்கள்தான் உட்கார்ந்து சுரண்டணும். பாலியூரிதேன் சீலண்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்க.

ஒரு விதிவிலக்கு. ஃபைபர் என்று சொல்லி பிளாஸ்டிக் படகை விற்றிருப்பார்கள். தெரியாத மூலையில் பிளேடால் சுரண்டிப் பாருங்க. பொடியாக உதிர்ந்தால் ஃபைபர். சுருள் சுருளாக வந்தால் பாலிஎத்திலீன். அதில் எபாக்ஸியும் பிடிக்காது, பாலியூரிதேனும் பிடிக்காது. இன்று ஒட்டின மாதிரி இருக்கும், வெயிலில் உரிந்துவிடும். அதற்கு பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி பிசுபிசுப்பான நாடா) வைத்து, உள்ளே ஒரு வளையம் கொடுத்து போல்ட் போட்டு இறுக்கணும். மறுபடி சொல்கிறேன், பசையை நம்பாதீங்க.

அனுமதி வேணுமா என்று கேட்காதீங்க. நான் ஒருமுறை ஒரு அலுவலகத்தில் படகு என்று வாயெடுத்தேன், பரிசல் குத்தகை ஃபாரத்தை நீட்டினார்கள். மூணு ஜன்னல் ஏறி இறங்கி, டீ குடிச்சிட்டு வீடு வந்தேன்.

வேலை முடிந்ததும் மூடியை இறுக்கி, சோப்புத் தண்ணி தடவி, வடிகால் ஓட்டையில் டியூப் சொருகி வாயால் மெதுவாக ஊதுங்க. குமிழி வந்த இடம் ஒழுகும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் மட்டும் வேண்டாம். அவசரத்தில் நான் வைத்தேன், 'பட்'டென்று ஓடத்தின் தையல் பிரிந்து ஒரு முழம் வாயைப் பிளந்தது. இன்னொன்று, வெயிலில் காய்ந்த ஓடம் தண்ணியில் இறங்கினதும் உள்காற்று சுருங்கி, மூடி ஓரம் வழியாக நீரை உறிஞ்சும். ஏற்கெனவே ஊசிமுனை மூச்சுத் துளை இருந்தால் அடைத்துவிடாதீங்க.

மீதி இடத்தில் மூடி இறுக்கிய காலி 2 லிட்டர் பாட்டில்களைத் திணியுங்க. நீர் புகுந்தாலும் ஓடம் மிதக்கும். செல்போனை எப்படியும் நீர் புகாத பையில் போட்டுத்தான் உள்ளே வைக்கணும்.