மூன்று நண்பர்களும் ஒரு பெட்ரோல் பங்கும்

வணக்கம்.

நீங்கள் பரிந்துரைத்த ‘டி டிரை ஃபோன் டெர் டாங்க்ஸ்டெல்லே’ (பெட்ரோல் பங்க் மூவர்) என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்தேன். பாட்டுகள் இனிமை, மறுக்கவில்லை. ஆனால் அது வெளிவந்த 1930-ல் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் சுமார் முப்பது லட்சம் பேர். ஹிட்லர் வாசலில் நிற்கிறார். அந்த நேரத்தில் மூன்று உல்லாசப் பையன்கள் பெட்ரோல் பங்க் வைத்து ஆடிப்பாடுவதைப் படமெடுத்தவர்கள், நாட்டைப் பார்க்க விரும்பாமல் கண்ணை மூடிக்கொண்டவர்கள்தானே?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கு வலுச் சேர்க்கும் தகவல் ஒன்றை நானே தருகிறேன். 1930 செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியது. மறுநாள், செப்டம்பர் 15 அன்று, பெர்லின் குளோரியா-பலாஸ்ட் அரங்கில் இந்தப் படம் வெளியானது. கூட்டம் அலைமோதியது.

ஆனால் படம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். ஊர் சுற்றிவிட்டு வரும் மூவரும் வீட்டுக்குள் நுழையும்போது எல்லாம் ஜப்தி. வங்கி திவால். அமீனாவிடம் கெஞ்சுவதுகூடப் பாட்டுதான். மிச்சமிருப்பது கார் ஒன்றுதான். அதையும் விற்று பங்க் திறக்கிறார்கள். அதற்கு முந்தைய ஓபரெட்டாக்களில் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த இசை நாடகப் படங்களில்) இளவரசிகளும் அரண்மனைகளும்தான். இயக்குநர் வில்ஹெல்ம் தீலேயே சில மாதம் முன்பு அப்படி ஒன்றை எடுத்திருந்தார். இங்கே சாலையோரம், கைப்பம்பு, கடன். அரங்கில் இருந்தவர்களுக்கு ஜப்தி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தைத் தாளத்தில் போட்டுப் பாட முடிந்ததே, அதை நான் கண்ணை மூடுவது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பணக்கார வீட்டுப் பெண்ணின் ஏற்பாட்டில் பெரிய கம்பெனி உருவாகி மூவருக்கும் பதவி கிடைப்பது சோம்பேறித்தனமான தீர்வு. படத்துக்கும் அது தெரிந்திருக்கிறது போல: கடைசியில் காதலர்கள் திரைச்சீலைக்கு முன்னால் வந்து, பார்வையாளர்கள் இன்னும் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கிறார்கள். ஓபரெட்டா என்றால் பிரமாதமான முடிவு வேண்டுமே என்று எல்லோரையும் மேடைக்கு இழுக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

இப்போது எடுத்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். தயாரிப்பாளர் எரிக் போமர், இசையமைத்த வெர்னர் ரிச்சர்ட் ஹேமன், பாட்டெழுதிய ராபர்ட் கில்பர்ட், இயக்குநர் தீலே, மூவரில் ஒருவராக நடித்த ஆஸ்கர் கார்ல்வைஸ், அமீனாவாக வந்த ஃபெலிக்ஸ் பிரெஸார்ட் எல்லோரும் நாஜி ஆட்சியில் வெளியேற நேர்ந்தது. 1933 மார்ச்சில், இந்தப் படத்தைத் தயாரித்த ஊஃபா நிறுவனம் தன் யூத ஊழியர்களை நீக்கத் தீர்மானித்தது. அப்புறம் 1937-ல் இந்தப் படத்துக்கே தடை. ஹேமன் ஹாலிவுட்டில் ‘நினோட்ச்கா’வுக்கு இசையமைத்தார்; அதில் பிரெஸார்டும் நடித்திருக்கிறார். மூவரில் மற்ற இருவரான வில்லி ஃபிரிட்ஷும் ஹைன்ஸ் ரூமனும் ஜெர்மனியிலேயே தங்கி நட்சத்திரங்களாகத் தொடர்ந்தார்கள்.

வக்கீலாக வரும் அந்தப் பருத்த மனிதரை நினைவிருக்கிறதா? அவர் குர்ட் கெரோன், யூதர். நெதர்லாந்தில் அகப்பட்டு, நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அந்த முகாம் இனிமையான ஊர் என்று உலகுக்குக் காட்டும் பிரச்சாரப் படத்தை அவரைக் கொண்டே எடுக்கவைத்தார்கள். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஊரை மறைக்க எடுத்த படம் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அதற்கும் இந்தப் பெட்ரோல் பங்குக்கும் எவ்வளவு தூரம்!

அடுத்து ‘டெர் கோங்க்ரெஸ் டான்ஸ்ட்’ (1931) பாருங்கள். போமர், ஹேமன், கில்பர்ட், இந்தப் படத்தின் நாயகி லிலியன் ஹார்வி, ஃபிரிட்ஷ் எல்லோரும் அதிலும் உண்டு. இயக்கம் எரிக் சாரெல். ஹார்வி குதிரைவண்டியில் பாடிக்கொண்டே போகும் நீண்ட காட்சியை மட்டும் தயவுசெய்து இடையில் நிறுத்தாமல் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.